ரேடியோ பெட்டியும் வஜ்ரப் பசையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. மர வேலையில ஆர்வம் இல்லாதவங்களும் பொறுமையா படிக்கலாம். ஃபாரோ மன்னர்கள் வர்றாங்க, போர் விமானம் வருது, நடுவுல எங்கம்மாகிட்ட நான் வாங்கின திட்டும் வருது :-)

எங்க வீட்டுல ஒரு பழைய வால்வு ரேடியோ இருக்கு. தாத்தா 1950கள்ல வாங்கினது. ரேடியோ வெச்சிருக்கறதுக்கு தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டின காலம். தாத்தாவுக்கு அப்புறம் அது அப்பாவோடது ஆச்சு. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கை கால் கழுவிட்டு, அதோட குமிழைத் திருகி இலங்கை வானொலி பிடிக்கறதுதான் அப்பாவுக்கு பொழுதுபோக்கு. வால்வு சூடாகி சத்தம் வர்றதுக்கு கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் அப்பா பெட்டியோட மேல்பக்கத்தை உள்ளங்கையால தடவிக்கிட்டே நிப்பார். வால்நட் மரம். முன்பக்கத்துல இடது பாதியில இருக்கற வரிகள் அப்படியே கண்ணாடியில பாத்த மாதிரி வலது பாதியிலயும் இருக்கும். சின்ன வயசுல அதுல எனக்கு ஒரு ஆந்தை முகம் தெரியும்.

2015 டிசம்பர்ல சென்னையை வெள்ளம் சூழ்ந்தப்போ எங்க தெருவும் தப்பலை. வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. நாங்க மாடியில. ரேடியோ கீழே ஒரு ஸ்டூல் மேல. அப்பா போய் அப்போ ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணி வடிஞ்சு கீழே வந்து பாத்தா ஸ்டூல் ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம் சேத்துல கிடக்கு. துடைச்சு நிழல்ல காய வெச்சோம். காயக் காயத்தான் கோரம் தெரிஞ்சது. மேல்பக்கம் பொரிச்ச அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்தது. இடது பக்கம் முழுசா உரிஞ்சு தொங்கிச்சு. வலது கீழ் மூலையில ரெண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது.

அன்னிக்குத்தான் எனக்கே தெரியும், அது முழு வால்நட் மரம் இல்லைன்னு. உள்ளே சாதாரணப் பலகை. மேலே ஒட்டியிருந்த, போஸ்ட் கார்டைவிட கொஞ்சம் தடிமனான தகடு மட்டும்தான் வால்நட். அதுக்குப் பேர்தான் வெனீர்.

கிச்சன் அலமாரி செய்ய வந்த ஆசாரிகிட்ட காட்டினேன். "சார், இதை உரிச்சுப் போட்டுட்டு மைக்கா ஒட்டிடலாம். அரை நாள் வேலை" என்றார். அம்மா உடனே, "மைக்காவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்பா தொட்ட பொட்டிடா அது. அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. பெட்டி பரணுக்குப் போச்சு. சில வருஷம் அங்கேயே கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் நானே சரி பண்றேன்னு இறக்கினேன். அதுதான் வினை. வலது மூலையில வாய் பிளந்த இடத்துல, கடையில கிடைக்கற வெள்ளைப் பசையை தாராளமா ஊத்தி, மேலே அம்மிக்கல்லை வெச்சு ஒரு ராத்திரி விட்டேன். காலையில பாத்தா ஒட்டியிருந்தது. பரம சந்தோஷம். ஒரு மாசம் கழிச்சு பாத்தா, ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு மேடு. உள்ளே இருந்த வெள்ளச் சேத்தை சுத்தம் பண்ணாம அப்படியே வெச்சு ஒட்டியிருக்கேன்! திரும்பப் பிரிக்கலாம்னு கத்தியை விட்டா பசை விடலை. வெனீர்தான் சில்லு சில்லா பேந்து வந்தது. ரெண்டு விரல் அகலமா இருந்த காயத்தை நாலு விரல் அகலமா ஆக்கினது வெள்ளம் இல்லை, நான்.

அதுக்கப்புறம் ஒரு நண்பர் சொல்லி, பழைய மரச்சாமான் பழுது பாக்கற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டின வயசு. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். நகத்தால மேல்பக்கத்தை தட்டிக்கிட்டே வந்தார். ஒட்டியிருக்கற இடத்துல 'டக் டக்'. விட்டுப்போன இடத்துல 'டொப் டொப்'. அப்புறம் வெந்நீர்ல ஒரு துணியை நனைச்சு, உரிஞ்ச பக்கத்து உள்பலகையில கொஞ்ச நேரம் வெச்சார். விரலால தொட்டா பிசுபிசுன்னு ஒட்டிச்சு. மோந்து பாக்கச் சொன்னார். ஈரத் தோல் வாடை.

"வஜ்ரம் தம்பி. நல்லவேளை, வஜ்ரத்துல ஒட்டியிருக்கான். பிரிச்சுடலாம்" என்றார். வலது மூலையைத் தொட்டுட்டு, "இதை யாரு பண்ணது?" என்று கேட்டார். "தெரியலை ஐயா"ன்னு சொல்லிட்டேன். (பின்னாடி உண்மையை ஒத்துக்கிட்டேன்.)

வஜ்ரம்னா இந்திரனோட ஆயுதம். வைரத்துக்கும் அதே பேர்தான். நம்ம தச்சர்கள் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கற பசைக்கு இந்தப் பேரை வெச்சிருக்காங்க. அவ்வளவு உறுதியாம். ஆனா பெரியவர் சந்தோஷப்பட்டது அது உறுதியா இருக்குன்னு இல்லை, பிரிக்க வரும்னு. இந்த முரண் எனக்குள்ள உக்காந்துக்கிச்சு. வெனீர் வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சது அங்கேர்ந்துதான்.

*

வெனீரோட வரலாறு எகிப்துல தொடங்குது. அங்கே நல்ல பெரிய மரம் கிடையாது. உள்ளூர்ல கிடைச்சது வேல மர வகைகள், காட்டத்தி, சவுக்கு மாதிரி தெரியற ஒரு புதர் மரம், இவ்வளவுதான். நல்ல தேவதாரு லெபனான்லேர்ந்து கப்பல்ல வரணும். கருங்காலி தெற்கே ஆப்பிரிக்க உள்நாட்டுலேர்ந்து வரணும். அரசருக்கே அளந்து தர்ற சரக்கு. அதனால அந்த ஊர் தச்சர்கள் மட்டமான மரத்துல பெட்டியைச் செஞ்சு, மேலே மட்டும் கருங்காலியையும் தந்தத்தையும் மெல்லிசா இழைச்சு ஒட்டினாங்க.

இதை ஊகமா சொல்லலை, படமே இருக்கு. மூன்றாம் துட்மோஸ் மன்னரோட அமைச்சர் ரெக்மிரே. அவரோட கல்லறை இன்னிக்கு லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில இருக்கு. சுமார் கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அதோட சுவர் ஓவியத்துல ஒரு தச்சுப் பட்டறை. ஒருத்தர் பலகை மேல கருப்பு மரத் தகட்டை வெக்கறார். பக்கத்துல நெருப்பு மேல ஒரு பசைச் சட்டி. சுமார் 3,400 வருஷத்துக்கு முந்தின வேலை. பெரியவர் பட்டறையிலயும் இதேதான், சட்டிக்கு அடியில மட்டும் விறகுக்குப் பதிலா மண்ணெண்ணெய் ஸ்டவ்.

1922 நவம்பர்ல ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தார். தங்க முகமூடி எல்லாருக்கும் தெரியும். அங்கே கிடைச்ச மரப்பெட்டிகளையும் நாற்காலிகளையும் பத்தி அவ்வளவா பேச மாட்டாங்க. கருங்காலியும் தந்தமும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளா இழைச்ச பெட்டிகள் அதுல உண்டு. பூமிக்குள்ள அவ்வப்போது ஈரம் இறங்கினதால பல பொருட்கள்ல பசை விட்டுப்போய், பதிச்ச துண்டுகள் உதிர்ந்து கிடந்தது. ரதங்கள்ல இருந்த தோல் பாகங்கள் இன்னும் மோசம். கரைஞ்சு, கருப்பா, பசை மாதிரி வழிஞ்சிருந்தது. யோசிச்சுப் பாத்தா அதுல ஆச்சரியம் இல்லை. தோல்தானே பசை ஆகுது!

கார்ட்டரோட வேலை பாத்த வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் லூகாஸ், உதிரப் பாத்த பல பொருட்களை உருக்கின பாரஃபின் மெழுகு விட்டு நிலைப்படுத்தினார். கல்லறையை முழுசா காலி பண்ணி முடிக்க பத்து வருஷம் ஆச்சு. நான் ஒரு ரேடியோ பெட்டிக்கு சில வருஷம் எடுத்துக்கிட்டதை அம்மா குத்திக் காட்டினப்போ இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். எடுபடலை.

*

எகிப்துல இல்லாமையால பிறந்த வேலை, ரோம்ல பகட்டுக்கு வந்துடுச்சு. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ இறந்துபோன மூத்த பிளினி, தன்னோட இயற்கை வரலாற்று நூல்ல மரங்களைப் பத்திச் சொல்ற பகுதியில, எந்தெந்த மரம் தகடா அறுக்க ஏத்ததுன்னு ஒரு பட்டியலே தர்றார். கூடவே புலம்பலும் உண்டு. மட்டமான மரத்துக்கு உசந்த மரத்தால தோல் போர்த்தறதை ஆடம்பரத்தோட ஆரம்பம்னு கண்டிக்கிறார். வெனீர்னா ஏமாத்து வேலைங்கற பேச்சு அப்பவே தொடங்கிடுச்சு.

அந்தப் பேச்சு போகவே இல்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1864-65ல எழுதின 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவல்ல திடீர்ப் பணக்காரக் குடும்பம் ஒண்ணு வரும். மேலே பளபளப்பு, உள்ளே ஒண்ணும் கிடையாது. அவங்களுக்கு அவர் வெச்ச பேர் 'வெனீரிங்'.

எனக்கு இது கொஞ்சம் அநியாயமா படுது. அழகான வரி விழற மரம் பெரும்பாலும் வளைஞ்சு நெளிஞ்சு வளர்ந்த மரம்தான். கணு விழுந்த இடம், கிளை பிரியற கவட்டை, வேர் முண்டு, அங்கேதான் மயில் தோகை மாதிரி வரி கிடைக்கும். அதை அப்படியே முழுப் பலகையா போட்டா முறுக்கிக்கும், வெடிக்கும். மெல்லிசா அறுத்து, அசையாத பலகை மேல ஒட்டினாத்தான் நிக்கும். அப்புறம், ஒரே கட்டையில அடுத்தடுத்து அறுத்த ரெண்டு தகட்டை புத்தகம் விரிக்கற மாதிரி விரிச்சு வெச்சாத்தான் இடமும் வலமும் ஒரே மாதிரி வரி வரும். முழு மரத்துல அது நடக்காது. எங்க ரேடியோ ஆந்தைக்கு கண் ரெண்டும் அப்படி வந்ததுதான்.

17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இந்த வேலை உச்சத்துக்குப் போச்சு. கருங்காலியை தகடா இழைக்கத் தெரிஞ்ச தச்சருக்கு, கருங்காலிக்கான பிரெஞ்சுப் பேரை வெச்சே 'எபெனிஸ்ட்'னு பேர். சாதாரணத் தச்சர் வேற, அவர் வேற. அவங்கள்ல பெரிய பேர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732). 14ஆம் லூயி மன்னர் 1672ல அவருக்கு லூவ்ர் அரண்மனையிலேயே இடம் கொடுத்தார். ஆமை ஓட்டுத் தகடையும் பித்தளைத் தகடையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, மெல்லிய ரம்பத்தால ஒரே பூ வேலையை ரெண்டுலயும் சேத்து அறுப்பாங்க. ஆமை ஓட்டுல ஏற்பட்ட பள்ளத்துல பித்தளைப் பூ கச்சிதமா உக்காரும். மிச்சம் இருக்கற பித்தளைப் பள்ளத்துல ஆமை ஓட்டுப் பூ உக்காரும். ஒரே அறுப்புல நேரும் எதிருமா ரெண்டு அலமாரிக்கு அலங்காரம் ரெடி.

பாக்க அற்புதம், ஆனா பழுது பாக்கறவங்களுக்குத் தலைவலி. பித்தளை வெயில் பட்டா நீளும். மரம் ஈரம் குடிச்சா அகலும், காய்ஞ்சா சுருங்கும். ஆமை ஓடு தன் இஷ்டத்துக்கு வளையும். மூணையும் ஒரே பசையில கட்டிப் போட்டா எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? பித்தளை நுனி கொஞ்சம் கொஞ்சமா எழும்பும், துடைக்கற துணியில மாட்டும், ஒடியும். அதனால பூல் பாணி அலமாரிகளோட வரலாறுங்கறது செஞ்ச வரலாறு பாதி, பழுது பாத்த வரலாறு பாதி. எழும்பின பித்தளையை எடுத்து, நிமித்தி, பழைய பசையைக் கழுவி, புதுப் பசை வெச்சு திரும்ப உக்கார வெக்கணும். முன்னூறு வருஷமா தலைமுறை தலைமுறையா இதைச் செய்ய முடிஞ்சதுக்கு ஒரே காரணம், பழைய பசை வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகினதுதான்.

இதோட சூட்சுமம் சுலபம். தோல்லயும் எலும்புலயும் இருக்கற கொலாஜன் தண்ணியில வெந்தா ஜெலட்டினா மாறும். சூடா இருக்கறப்போ தண்ணி மாதிரி ஓடும், ஆறினா அல்வா மாதிரி கெட்டியாகும், காய்ஞ்சா கல். ஆனா அந்தக் கல் வேற பொருளா மாறிடலை. திரும்ப ஈரமும் சூடும் பட்டா திரும்பவும் பசைதான். புதுசா வெக்கற பசை, பழைய பசையை இளக்கி அதோடயே கலந்துக்கும். எங்க வீட்டு ரேடியோவை வெள்ளம் பிரிச்சதும் இந்தக் குணத்தாலதான். பெரியவர் "நல்லவேளை"ன்னு சொன்னதும் இதே குணத்தை நினைச்சுத்தான்.

*

ஆந்த்ரே ழாக் ரூபோன்னு ஒரு பாரிஸ் தச்சர், 1769லேர்ந்து 1775 வரைக்கும் தச்சுக் கலையைப் பத்தி படங்களோட ஒரு பெரிய நூல் தொகுதியே எழுதினார். வெனீர் ஒட்டற முறையும் அதுல விவரமா இருக்கு. வெனீர் சுத்தியல்னு ஒரு கருவி. பேர்தான் சுத்தியல், அதை வெச்சு யாரும் அடிக்கறதில்லை. சூடான பசை தடவின தகடு மேல அழுத்தி இழுத்துக்கிட்டே போகணும். அதிகப்படி பசையும் காத்தும் ஓரம் வழியா வெளியே வந்துடும். பசை ஆறி இறுகிட்டா? தகடு மேல லேசா ஈரம் தடவி, சூடு காட்டினா திரும்ப இளகும். தப்பு பண்ணினா திருத்திக்கலாம்ங்கறது அந்த வேலை முறைக்குள்ளேயே இருந்தது.

அப்போ வெனீரை கையாலதான் அறுத்தாங்க. ரெண்டு பேர் நின்னு இழுக்கற ரம்பம். தகடு ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பாதி மரம் ரம்பப் பொடியாவே போயிடும். இதை மாத்தினவர்களில் ஒருத்தர் மார்க் இசாம்பார்ட் புருனெல். தேம்ஸ் நதிக்கு அடியில சுரங்கப் பாதை போட்டாரே, அவரேதான். 1806ல வெனீர் அறுக்கற இயந்திரத்துக்கு காப்புரிமை வாங்கி, லண்டன்ல பேட்டர்சீயில மர ஆலை வெச்சார். 1814ல ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சது. மத்த தொழில் நஷ்டங்களும் சேர்ந்து, 1821ல கடனுக்காக ஜெயிலுக்கே போனார் மனுஷன். ஆனா இயந்திர வேலை நிக்கலை. அதே நூற்றாண்டுல ரம்பமே இல்லாம, கத்தியால மரத்தைச் சீவி எடுக்கற முறை பரவிச்சு. பொடியா வீணாகறது நின்னுது. தகடோட தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிச்சு.

நம்ம மாதிரி வீட்டுல பழுது பாக்கறவங்க இதை மறக்கக் கூடாது. பழைய ரெண்டு மில்லிமீட்டர் வெனீரை உப்புத்தாளால தேய்க்கலாம், தாங்கும். இயந்திர வெனீரை தேய்ச்சா பத்து இழுப்புல உள்பலகை தெரியும். அப்புறம் அழுதாலும் வராது.

*

இவ்வளவு நல்ல பசையை ஏன் விட்டாங்க? விமானத்தால.

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டனோட மஸ்கிட்டோ விமானம் மரத்தால ஆனது. முதல் தடவை பறந்தது 1940 நவம்பர் 25. மெல்லிய பிர்ச் மர பிளைவுட் ரெண்டு, நடுவுல எடையில்லாத பால்சா மரம், அதுதான் உடம்பு. நாற்காலி மேஜை செஞ்ச பட்டறைகளே அதோட பாகங்களையும் செஞ்சாங்க. ஒரு வகையில பறக்கற வெனீர் சாமான்தான் அது.

ஆரம்பத்துல போட்டது பால்லேர்ந்து எடுக்கற கேசீன் பசை. அதுக்கு ஈரம் ஆகாது, பூஞ்சை பிடிக்கும். நார்மன் டி புரூய்ன் 1930கள்ல உருவாக்கின யூரியா ஃபார்மால்டிஹைட் பசைக்கு அப்புறம் மாறினாங்க. 1944ல இந்தியாவிலும் பர்மாப் போர்முனையிலும் பறந்த மஸ்கிட்டோக்கள் சில வானத்திலேயே உடைஞ்சு விழுந்தது. அந்த வருஷக் கடைசியில இந்தப் பக்கம் இருந்த விமானங்களைத் தரையில நிறுத்தி சோதிச்சாங்க. வெப்பமும் மழையும்தான் காரணம்னு ஒரு கட்சி, தொழிற்சாலையில இணைப்புகளைச் சரியா பொருத்தலைன்னு இன்னொரு கட்சி. எப்படியோ, இணைப்பு விட்டா ஆள் செத்தான். அந்த இடத்துல எந்தக் காலத்துலயும் பிரியாத பசைதான் வேணும். அதுல தப்பே இல்லை.

போர் முடிஞ்சதும் அந்தப் பிரியாத பசை நம்ம வீட்டு மேஜைக்கும் அலமாரிக்கும் வந்துடுச்சு. யூரியா ஃபார்மால்டிஹைட் இறுகறப்போ அதோட மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமா பின்னிக்கும். அப்புறம் தண்ணியும் சூடும் அதை பழையபடி பசையா ஆக்காது.

நம்ம நாட்டுல இந்த மாற்றத்துக்கு வேற முகம். 1959ல பல்வந்த்ராய் கல்யாண்ஜி பாரேக் ஃபெவிகால் வெள்ளைப் பசையைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் தச்சர் காலையில வந்ததும் வஜ்ரத்தை ஊற வெச்சு, அடுப்பு மூட்டி, நாத்தத்தோட காய்ச்சி, ஆறுறதுக்குள்ள ஓடி ஓடி ஒட்டணும். மழைக்காலத்துல கெட்டுப்போகும். எலியும் கரப்பானும் தின்னும். டப்பாவைத் திறந்து தடவினா போதும்னு ஒரு பசை வந்தா யாரு வேண்டாம்னு சொல்லுவாங்க? பெரியவரே சொன்னார்: "புது வேலைக்கு நானும் அதைத்தான் தம்பி போடறேன். பழசுக்குத்தான் வஜ்ரம்."

இந்த வெள்ளைப் பசை விமானப் பசை அளவுக்கு பிடிவாதம் கிடையாது. ஆனா மரத்து நார்க்குள்ள இறங்கிக் காய்ஞ்சுட்டா சுத்தமா எடுக்கறது கஷ்டம். மேலே வெக்கற புதுப் பசையும் அது மேல சரியா பிடிக்காது. என் வலது மூலை சாட்சி.

மியூசியங்கள்ல பழம்பொருள் பழுது பாக்கறவங்க 20ஆம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீ செய்யறதை உனக்குப் பின்னாடி வர்றவன் பிரிக்க முடியணும். உன்னைவிட நல்ல வழி அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம், நீ தப்பு பண்ணியிருக்கலாம். எகிப்துத் தச்சருக்கும் பாரிஸ் தச்சருக்கும் இந்த விதியை யாரும் சொல்லித்தரலை. அவங்ககிட்ட இருந்த பசையே அப்படி, அவ்வளவுதான். பிரியாத பசை வந்த பிறகுதான் அதை விதியா எழுதி வெக்க வேண்டியிருந்தது.

*

சரி, பெட்டிக்கு வருவோம்.

பெரியவர் ஒரு டப்பாவுலேர்ந்து பழுப்பு வெல்லக்கட்டி மாதிரி கொஞ்சம் வஜ்ரம் கொடுத்தார். உடைச்சு, ராத்திரி முழுக்க பச்சைத் தண்ணியில ஊறப் போட்டேன். காலையில உப்பி, கொழகொழன்னு இருந்தது. சட்டிக்குள்ள சட்டி வெச்சுத்தான் காய்ச்சணும். நேரா நெருப்புல வெச்சா கருகும். அறுபது, அறுபத்தஞ்சு டிகிரிக்கு மேல போகக் கூடாது, கொதிச்சா பலம் போயிடும். வாடை வந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்னடா காய்ச்சறே?" என்றாங்க. சொன்னேன். மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்பட்டேன்.

உரிஞ்ச இடது பக்கத்தை வெந்நீர்த் துணியால இளக்கி முழுசா எடுத்தேன். உள்ளே இருந்த சேத்தையும் பழைய பசையையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால கழுவினேன். லேசா ஈரம் இருக்கறப்போவே ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு தட்டையாக்கி, அடுத்த நாள் பசை தடவி ஒட்டினேன். மேலே பழுப்புக் காகிதம், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல அதே அம்மிக்கல்.

மேல்பக்கத்துக் கொப்புளங்களுக்கு, மரத்து வரியோடயே கூர்மையான கத்தியால ஒரு கீறல். வரிக்குக் குறுக்கே கீறினா தழும்பு தெரியும். ஊசி மருந்துக் குழாய்ல இளம் பசையை உள்ளே ஏத்தி, ஈரக் காகிதம் வெச்சு, சூடு குறைச்ச இஸ்திரிப் பெட்டியால அழுத்தினேன். 'டொப் டொப்' எல்லாம் ஒண்ணொண்ணா 'டக் டக்' ஆச்சு. அந்த சத்தம் மாறினப்போ வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியலை.

வலது மூலைக்கு மட்டும் வைத்தியம் இல்லை. பேந்துபோன துண்டுகள் எங்கேயோ போச்சு. பிளைவுட் கடையில மாதிரிக்கு வெச்சிருந்த வால்நட் தகடு ஒண்ணை கெஞ்சி வாங்கினேன். சதுரமா வெட்டி ஒட்டினா கண்ணுல அடிக்கும், அதனால வைர வடிவத்துல வெட்டச் சொன்னார் பெரியவர். வரிக்கு நேர்க்குறுக்கா எந்த ஓரமும் வராது, கண் ஏமாறும். புதுத் தகடையும் பழசையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு சேத்து வெட்டினேன், பூல் பட்டறையில பூ வெட்டின அதே தந்திரம். உள்ளே என்னோட பழைய வெள்ளைப் பசையை உளியால சுரண்டி எடுக்க மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. கடைசியில அரக்கு பாலிஷ், பஞ்சுப் பொட்டலத்தால கொஞ்சம் கொஞ்சமா.

ரேடியோ பாடலை. உள்ளே வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேறு குடிச்சு செத்துப்போச்சு. அது வேற ஒருத்தர் வேலை. பெட்டி மட்டும் கூடத்துல பழைய இடத்துல இருக்கு. ஆந்தைக்கு வலது கன்னத்துல ஒரு வைர வடிவ மச்சம். அது தெரியாதுன்னு பெரியவர் சொன்னார். எனக்குத் தெரியுது.

அம்மா ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பக்கம் போறப்போ மேல்பக்கத்தை ஒரு தடவை உள்ளங்கையால தடவிட்டுப் போனாங்க.

பின்பக்க அட்டையை மூடறதுக்கு முன்னாடி உள்பலகையில பென்சிலால தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்: "இடது பக்கம், மேல்பக்கம், வலது மூலை ஒட்டு: வஜ்ரம். வெந்நீர்ல பிரியும். வலது மூலைக்கு அடியில கொஞ்சம் வெள்ளைப் பசை மிச்சம் இருக்கு. அது என் தப்பு."